மிஸ் பென்ரோஸ் எழுதிய பக்கம்

லண்டன்
12 மே 1976

அன்புள்ள க்ளாவா அக்காவுக்கு,

தம்பி சேன்யா எழுதுவது. நானும் வேராவும் சுகம். உன் இரத்த அழுத்தம், அத்தானின் வயிற்றுப்புண், என் மகளின் வாய், மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுது.

இங்கா உன் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தூதரகப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு சரி, பெரிய பிள்ளைகள் ஊரில்தான் படிக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் பொதுவான சட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேரா மட்டும் மகளுடைய அறை என்று ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறாள். அதற்குள் போய் எதைத் துடைக்கிறாளோ தெரியவில்லை.

வங்கியில் வேலை நடக்கிறது. தெருவில் போகிறவன் எங்கள் வாசலைப் பார்த்தால் உள்ளே சோவியத் அரசின் பணம் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டான். பித்தளைக் கைப்பிடி, தடித்த கம்பளம், சுவரில் குதிரைப் படங்கள். லெனின் உள்ளறையில் இருக்கிறார், விருந்தாளிகள் போன பிறகுதான் அந்தக் கதவைத் திறப்போம். அமெரிக்காக்காரன் முடக்கிவிடுவானோ என்று பயந்து ஒரு காலத்தில் நம் டாலரை ஐரோப்பாவில் கொண்டுவந்து போட்டோம். இன்று முதலாளிகளே அதைக் கடனாகக் கேட்டு நம் வாசலில் நிற்கிறார்கள். பள்ளியில் நமக்கு அரசியல் பாடம் எடுத்த டீச்சர் இதைப் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்.

போன வாரம் லாஸ்காரிஸ் சாப்பாட்டுக்கு வந்தார். ஆறு எண்ணெய்க் கப்பல் வாங்க எங்களிடம் கடன் வாங்கிய கிரேக்கர். ஒப்பந்தத்தில் என் கையெழுத்து. எண்ணெய் வியாபாரம் படுத்துவிட்டதால் ஆறும் வேலையில்லாமல் ஏதோ வளைகுடாவில் நிற்கின்றன. மனிதர் என்னவோ சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

அத்தானுக்கு என் வணக்கம். இங்காவுக்கு முத்தம்.

உன் தம்பி,
சேன்யா

*

மாஸ்கோ
3 ஜூன் 1976

அடேய் சேன்யா,

அக்கா எழுதுகிறேன். என் அழுத்தம் நூற்று அறுபது, உன் அத்தானின் வயிறு பால்கஞ்சியில் ஓடுகிறது, உன் மகளின் வாய்க்கு அளவுகோல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவிலிருந்து களைத்து வந்து சோபாவில் சாய்ந்தால், "அத்தை, உங்க குறட்டையை ரேடியோல போடலாம்"னு சொல்கிறாள். ஆனால் பரீட்சையில் எல்லாம் ஐந்துக்கு ஐந்து. அல்ஜீப்ராவில் மட்டும் நாலு, அது உன் இரத்தம்.

அவளுக்குக் குளிர்காலக் காலணி வேண்டும், முப்பத்தெட்டாம் அளவு. சிவப்பு வேண்டாம், பள்ளியில் பேசுவார்கள்.

நீ எழுதியதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். வெளிநாட்டு வங்கிகளைக் கவனிக்கும் பிரிவுக்குத் துணைத் தலைவர் ஆனதிலிருந்து மனிதர் வீட்டில் வாயே திறப்பதில்லை. அன்றைக்கு மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கப்பலெல்லாம் சும்மா நிக்குதாமா? எத்தனை நாளா?"ன்னு கேட்டார். அதை நான் எங்கே கண்டேன்? நீயே எழுது.

வேரா ஜூலையில் விடுமுறைக்கு வருகிறாள் என்றதும் இங்கா தினமும் நாட்காட்டியைக் கிழிக்கிறாள். இரண்டு தாளாகக் கிழித்து அகப்பட்டுக்கொண்டாள்.

அக்கா,
க்ளாவா

*

லண்டன்
25 ஜூலை 1976

அன்புள்ள அக்கா,

சுகம் என்று எழுதுகிறேன். வெயில் கொளுத்துகிறது. இங்கே புல்லெல்லாம் கருகிவிட்டது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேரா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். காலணி அவள் பெட்டியில் இருக்கிறது, பழுப்பு நிறம்.

லாஸ்காரிஸ் காணாமல் போய்விட்டார். அலுவலகத்தைப் பூட்டி, கணக்கரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கப்பல்களை விற்றால் கடனில் கால்பங்குகூடத் தேறாது. இங்கிலீஷ் பத்திரிகைகளில் வந்துவிட்டது, கேலிப்படமே போட்டிருக்கிறார்கள். மாஸ்கோவிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள். தினமும் காலையில் ஒரே கேள்வி: "இவ்வளவு பெரிய தொகையை உங்களுக்கு யார் குடுக்கச் சொன்னா?"

என் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அத்தானை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

சேன்யா

*

மாஸ்கோ
22 ஆகஸ்ட் 1976

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம் என்றுதான் வைத்துக்கொள். ஒரு விஷயம். வேராவின் விடுமுறை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திரும்பிப் போக அனுமதிச்சீட்டு கேட்டுத் தினமும் அந்த அலுவலக ஜன்னலில் போய் நிற்கிறாள். உள்ளே இருக்கிற பெண் தலையைத் தூக்காமல், "கொஞ்சம் பொறுங்க, என்ன அவசரம்? சொந்த ஊர் கசக்குதா?"ன்னு கேட்கிறாளாம். வேராவுக்கு இங்காவின் அறையில் மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அத்தானைக் கேட்டேன். "பழக்கமான தாமதம்தான், வேறென்ன"ன்னு சொன்னார். ஆனால் மனிதர் தூங்குவதில்லை. பால்கஞ்சிகூட இறங்கவில்லை.

நேற்று, "நீ கடுதாசி எழுதும்போது சேன்யாவை ஒண்ணு கேளேன். அந்த ஆபீஸ்ல போன் வந்தா யாராச்சும் எழுதி வைக்கிற வழக்கம் உண்டா? சும்மாத்தான், தெரிஞ்சுக்க"ன்னு சொன்னார். இதென்ன கேள்வியோ! கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

பதில் சீக்கிரம் எழுது.

க்ளாவா

*

லண்டன்
19 செப்டம்பர் 1976

என் அக்கா,

இந்தக் கடிதம் வழக்கம்போல் வங்கியின் தபால் பையில் வரவில்லை, அதில் வருவதை ஆள் வைத்துப் படிக்கிறார்கள். கொண்டுவந்தவர் புரோகோர், லெனின்கிராட் கப்பலில் சமையல்காரர். அவருக்கு வயிறாரச் சாப்பாடு போடு. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கடனைக் கொடுக்க எனக்கு மனமில்லை. மூன்று மாதம் இழுத்தடித்தேன். பிறகு மாஸ்கோவிலிருந்து தொலைபேசி வந்தது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? பெரிய உத்தரவு எதுவும் காகிதத்தில் வராது, வாயால்தான் வரும். நல்லது நடந்தால் சொன்னவருக்குப் பதக்கம். கெட்டது நடந்தால் அப்படி ஒரு போனே வரவில்லை.

அன்று நான் அறையில் இல்லை. என் செயலாளர் மிஸ் பென்ரோஸ் எடுத்தாள். இங்கிலீஷ்காரி, இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். போன் வந்தால் தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன செய்தி எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவாள். பெயர் அவளுக்கு விளங்கவில்லை. "எழுத்து எழுத்தாச் சொல்லுங்க சார்" என்றிருக்கிறாள். அவரும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்! போனில் பேசினது காற்றோடு போய்விடும் என்ற நினைப்பு. "லாஸ்காரிஸுக்குக் குடுத்துடச் சொல்லுங்க, மேலிடத்து முடிவு" என்று அவளிடமே சொல்லி வைத்துவிட்டார்.

விசாரணைக்காரர்கள் வந்த அன்று மிஸ் பென்ரோஸ் அந்தப் பக்கத்தை அப்படியே நறுக்கி என் மேசையில் வைத்தாள். "இது உங்களுக்கு வேண்டியிருக்கும்னு நெனச்சேன் சார்"னு சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள்.

அதைக் காட்டினால் நான் தப்பிப்பேன். இன்னொரு குடும்பம் தெருவில் நிற்கும். காட்டவில்லை. யார் பெயர் என்று மட்டும் கேட்காதே.

என்னை ஊருக்குக் கூப்பிடுவார்கள். போனால் பத்து வருஷம் சிறை. போகாவிட்டால் வேராவையும் இங்காவையும் இந்த ஜன்மத்தில் பார்க்க முடியாது. பிள்ளையை அங்கே வைத்துக்கொண்டு அப்பனை இங்கே அனுப்புவது எதற்கு என்று இப்போதுதான் முழுசாக உறைக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

சேன்யா

*

மாஸ்கோ
11 அக்டோபர் 1976

அன்புள்ள சகோதரர் அர்செனிக்கு,

நாங்கள் அனைவரும் நலமாக உள்ளோம். தங்கள் நலத்தையும் அறிய விரும்புகிறோம்.

தாங்கள் கடுமையாக உழைத்துக் களைத்திருப்பதை உணர்ந்து, டிசம்பர் மாதத்துக்குச் சோச்சி சுகவாச விடுதியில் தங்களுக்கு இடம் ஒதுக்கியுள்ளார்கள். வேராவும் இங்காவும் தங்களுடன் வரலாம். கடல்காற்று உடம்புக்கு நல்லது. வேலை சம்பந்தமான சிறு விளக்கங்களை நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று தங்கள் அத்தான் எஃபீம் கூறுகிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.

தங்கள் சகோதரி,
க்ளாவ்தியா

*

மாஸ்கோ
24 அக்டோபர் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? காலணி கச்சிதமா இருக்கு. ஆனா அது பழுப்பு இல்லப்பா, உங்களுக்குக் கண்ணு சரியில்ல, அது சிவப்புதான்.

அத்தை உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினாங்க இல்ல? மாமா பக்கத்துல நின்னுக்கிட்டு சொல்லச் சொல்ல எழுதினாங்க. எழுதி முடிச்சதும் பேனாவைத் தூக்கி வீசிட்டு குளியலறையில போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அன்னையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. "உப்பை நகர்த்து"ன்னு மாமாகிட்டச் சொல்ல வேண்டியதை என்கிட்டச் சொல்றாங்க.

பள்ளியில இளைஞர் கூட்டத்துல என்னை எழுப்பி நிக்கவெச்சு, "உங்க அப்பா எப்போ வர்றார்? ஏன் இன்னும் வரல?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். தெரிஞ்சுக்கிட்டு வந்து அடுத்த கூட்டத்துல சொல்லணுமாம். பக்கத்துல உக்கார்ற ஸ்வேத்தா இடம் மாறிப் போயிட்டா.

எப்போ வர்றீங்கப்பா? அம்மா உங்களைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இருந்தாலும் கேக்கறேன்.

உங்கள்,
இங்கா

*

மாஸ்கோ
5 நவம்பர் 1976

சேன்யா, என் கண்ணே,

நீ சுகமா என்று கேட்கக்கூட நா கூசுகிறது. புரோகோர் வாசலில் நிற்கிறார், ரயிலுக்கு நேரமாகிறது.

உன் முழுப்பெயரைப் போட்டு 'தாங்கள், தங்கள்' என்று நான் எழுதியதைப் படித்து நீ என்ன பாடுபட்டிருப்பாய்! அது என் கை, என் வார்த்தை இல்லை. வராதே. சோச்சியும் கிடையாது, கடல்காற்றும் கிடையாது. விமானப் படிக்கட்டிலேயே ஆள் நிற்பான். இங்காவை நான் வளர்க்கிறேன், பள்ளியை விட்டுத் துரத்தினால் என் ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்த்துவிடுவேன். வேராவும் இதையேதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்காதே என்றாய், கேட்கிறேன். போனில் பேசியது யார்? நீ அன்று எழுதியதை அடுப்பில் போட்ட பிறகும் 'இன்னொரு குடும்பம் தெருவில் நிற்கும்' என்ற வரி என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆபீசில் எழுதி வைப்பார்களா என்று இவர் எதற்கு என்னைக் கேட்கச் சொன்னார்? வேறு யாராவது இவரைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். இவர் மேலதிகாரியாக இருக்கலாம். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

லண்டன்
21 நவம்பர் 1976

அன்புள்ள அக்கா,

சுகம். புரோகோரிடம் கொடுத்தனுப்பும் கடைசிக் கடிதம் இது.

டிசம்பர் பத்தாம் தேதி விமானத்தில் வருகிறேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. இங்கா எழுப்பி நிற்கவைக்கப்பட்டாள் என்று படித்த பிறகு இங்கே ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மிஸ் பென்ரோஸுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்க போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார், நீங்க இங்கேயே இருந்துடலாம்" என்றாள். நல்ல பெண். அவளுக்குப் பிள்ளை இல்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச்சில்லை. நீ கேட்ட பெயரையும் சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நான் இல்லாத வருஷங்களில் என் மகள் உன் வீட்டில், உன் சாப்பாட்டு மேசையில் வளர வேண்டும். அந்த மேசையில் யாருடைய நாற்காலியும் காலியாக வேண்டாம்.

என்னைத் திட்டாதே.

தம்பி,
சேன்யா

*

மாஸ்கோ
2 டிசம்பர் 1976

அடேய் சேன்யா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நேரில் வா, கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உறை ஒட்டாமல் வங்கிப் பையில் போடுகிறேன். வழியில் படிக்கிறவர்கள் நன்றாகப் படிக்கட்டும்.

எழுதி வைத்த காகிதம் எதுவும் உன்னிடம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இனி அது வேண்டியதும் இல்லை.

போன ஞாயிறு மதியம். இங்கா பனிச்சறுக்கப் போயிருந்தாள். நான், வேரா, அவர், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றரை மாதம் கழித்து அவரிடம் வாயைத் திறந்தேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்: "இங்கிலீஷ்காரங்க போன்ல பேரை எழுத்து எழுத்தாச் சொல்லச் சொல்லுவாங்களாமே? எஃபீம்ங்கிற பேரு அவங்களுக்கு எங்க விளங்கப் போகுது?"

அவரும் யோசிக்காமல், "அதையேன் கேக்கற! மூணு தரம் சொல்லவெச்சா அந்தப் பொம்பள"ன்னு சொன்னார்.

சொன்ன பிறகுதான் முகம் மாறியது. வேரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நான், "எப்போ சொல்லவெச்சா?"ன்னு கேட்டேன். "லாஸ்காரிஸுக்குக் குடுத்துடச் சொன்னீங்களே, அன்னிக்கா?"ன்னு கேட்டேன். மனிதர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "மேல சொன்னாங்க க்ளாவா. நான் என்ன செய்ய? எனக்கும் காகிதம் குடுக்கலியே"ன்னு சொல்லி அழுதார்.

அப்படியானால் சேன்யாவைப் பத்து வருஷம் அனுப்பிவிட்டு, அவன் மகளுக்கு என் கையால் சோறு போட்டு, நீங்கள் எதிரே உட்கார்ந்து பால்கஞ்சி குடிப்பீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேராவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உன் பெண்டாட்டி சொன்னால் நம்பமாட்டார்கள், அவர் பெண்டாட்டி சொன்னால் நம்புவார்கள். அங்கிருந்த அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதினீங்களாம்மா? இதைத் திரும்ப வாங்க முடியாது"ன்னு கேட்டார். யோசித்துத்தான் எழுதினேன் என்றேன். உன்னை இனிச் சாட்சியாகத்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அதை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நேற்று மாலை இரண்டு பேர் வந்து உன் அத்தானை அழைத்துப் போனார்கள். வயிற்று மருந்தைச் சட்டைப்பையில் வைத்தேன். என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம், சேன்யா. கெட்ட மனிதர் இல்லை. பயந்தாங்கொள்ளி.

இந்த வீடு அவர் உத்தியோகத்துக்குக் கொடுத்தது, காலி செய்யச் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு அறை கேட்டிருக்கிறேன். உன்னைப் பார்த்ததும் நன்றி கின்றி என்று ஆரம்பித்தாயானால் என் கண்முன்னாலேயே நிற்காதே.

பத்தாம் தேதி விமான நிலையத்துக்கு வேராவும் இங்காவும் வருவார்கள். என்னைத் தேடாதே. வெள்ளிக்கிழமைதான் சிறை ஜன்னலில் பொட்டலம் வாங்குகிறார்கள். அவருக்குக் கம்பளி உள்ளாடை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டுமாம்.

அக்கா,
க்ளாவா